எழுத்துக் கூடாத பிள்ளை

1

நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை வகைபிரிக்கும் நூற்பாவைத் தமிழ் எம்.ஏ. படித்த யாரும் மறந்திருக்க முடியாது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி இந்த நாலும் கடை. ஓட்டைக்குடம் ஊற்ற ஊற்ற ஒழுகும். ஆடு ஒரு செடியில் நில்லாமல் செடிக்குச் செடி தாவி மேயும். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணி, உவமைநயம் பாராட்டி, மதிப்பெண் வாங்கிய பகுதி. பேராசிரியர்கள் இதை அந்தக் காலத்து உளவியல் என்று சிலாகிப்பார்கள். எனக்கு இது ஒரு வகுப்பறையின் இருக்கை வரைபடமாகத்தான் தெரிகிறது. முன்பெஞ்சில் அன்னம், கடைசிபெஞ்சில் எருமை.

(ஆடு வளர்க்கிற ஊர்களில் ஆட்டை யாரும் அறிவுகெட்டது என்று சொல்லமாட்டார்கள். ஒரே செடியை மொட்டையடிக்காமல் பல தழை மேய்வதை மேய்க்கிறவன் குறையாக நினைப்பதில்லை. குறை பவணந்திக்குத்தான்.)

இதற்கு அடுத்து வருகிற நூற்பாவை நாம் வேகமாகக் கடந்துவிட்டோம். யார் யாருக்கெல்லாம் நூல் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற பட்டியல் அது. மொத்தம் 15 பேர். கட்குடியன், சோம்பேறி, காமுகன், கள்வன் என்று போகிற வரிசையில் நோயாளியும் இருக்கிறான், மந்தனும் இருக்கிறான், ஏழையும் இருக்கிறான். 'ஏழை' என்றால் இங்கே காசில்லாதவன் இல்லையாம், அறிவில்லாதவன் என்று உரைகள் பொருள் சொல்லும். நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் இரண்டு பொருளும் ஒரே பையன்மேல்தான் உட்காருகின்றன என்பது வேறு விஷயம். அதே பட்டியலில், பழைய நூலைக் கண்டு அஞ்சி உள்ளம் தடுமாறுகிறவன் என்று ஒருவன் வருகிறான். இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

நூலைக் கண்டு தடுமாறுகிறவனைத் திருடனுக்கும் குடியனுக்கும் பக்கத்தில் நிறுத்தியது 13ஆம் நூற்றாண்டு. அதைவிட ஆழமான ஒரு சிக்கல் அந்த முதல் நூற்பாவிலேயே இருக்கிறது. ஒரு மாணவனுக்கு ஒரு விலங்குதான் ஒதுக்கீடு. ஒரே பிள்ளை ஒன்றில் அன்னமாகவும் இன்னொன்றில் இல்லிக்குடமாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு அங்கே இடமே கிடையாது. பவணந்தியை மட்டும் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது? நம் கல்வித்துறையும் அப்படித்தான். மீத்திறன் மாணவர், மெல்லக் கற்கும் மாணவர் என்று இரண்டு பதிவேடு போடுகிறது. ஒரே பெயரை இரண்டிலும் எழுத அதற்குக் கை வருவதில்லை.

2

கப்பலூரை வெளியூர்க்காரர்கள் சுங்கச்சாவடியாகத்தான் அறிவார்கள். மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற நாற்கரச் சாலை, சிட்கோ தொழிற்பேட்டை, தியாகராசர் மில், அவற்றைச் சுற்றிப் பழைய ஊர், புதிய பிளாட்டுகள். இங்கே எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பெயர் வேண்டாம். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குக் கூலிக்குப் போகிறார். அம்மா கிடைத்த வேலைக்கு.

பங்குனிப் பொங்கலுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம் போட்டார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடந்தது. மதுரை வட்டாரத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகம் இன்னும் இப்படித்தான் உயிரோடு இருக்கிறது. பாட்டு சுவாமிகளுடையது, பேச்சு பாதிக்குமேல் நடிகர் அந்த நேரத்தில் கட்டுவது. மறுநாள் இந்தப் பையன் வள்ளிக்கும் நாரதருக்கும் நடந்த தர்க்கத்தை வரிசை பிசகாமல் எனக்குச் சொல்லிக்காட்டினான். ஞாபகசக்தி என்று தட்டிக்கொடுத்துவிட்டு நான் போயிருக்கலாம். ஆனால் அவன் சொன்ன அடுத்த விஷயம் அப்படிப் போகவிடவில்லை. "ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்த நாரதர் இந்த எடத்துல வேற மாதிரி மடக்குனாரு மாமா. இது இவரு சொந்தமா சேத்தது. பாட்டு மட்டுந்தான் ரெண்டு பேருக்கும் ஒண்ணு" என்றான். எது மூலம், எது சேர்க்கை, இரண்டு நிகழ்த்துதலுக்கு நடுவே எது மாறியது என்று பிரித்துவைக்கிறான். இதை முதுகலை இரண்டாம் ஆண்டில் பாடபேதம் என்று எங்களுக்கு ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள்.

அதே பையன் காலாண்டுத் தேர்வில் தமிழில் 11 மதிப்பெண்.

விடைத்தாளைப் பார்த்தேன். கொடி 'கெடி' ஆகியிருக்கிறது. நண்பன் 'நன்பண்'. வள்ளியே அவன் கையில் 'வல்ளி'. வாசிக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வருகிறான். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதலெழுத்து கீழே போய்விடுகிறது. திரும்ப முதலிலிருந்து. இல்லிக்குடம்தான், சந்தேகமில்லை. அதே குடத்தில் காதுவழியாக ஊற்றினால் ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. "வாயால கேட்டா எல்லாஞ் சொல்றாண்ணே. பேப்பரக் குடுத்தா செத்துப்போறான்" என்கிறார் அவன் அம்மா.

மூன்றாம் வகுப்புவரை யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துப் பையன் வாசிப்பதைக் கேட்டுப் பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, உரிய இடத்தில் பக்கத்தையும் திருப்பி, வாசிப்பதாகக் காட்டியிருக்கிறான். அறிவு குறையை மறைத்தது. பிறகு வகுப்பு ஏற ஏற, பாடம் நீள நீள, குறை அறிவை மறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று மறைத்ததில் வெளியே தெரிந்தது சராசரிக்குக் கீழே ஒரு பையன். இந்தப் பிள்ளைகளைப் பற்றி அறியவேண்டிய முதல் விஷயம் இந்த ஒளிவுமறைவுதான். அவன் மூன்றாம் வகுப்பை முடிக்கிற நேரம், 2020 மார்ச்சில், பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பரில். எழுத்துக் கூட்டுவது கண்ணிலும் நாக்கிலும் படிகிற பருவம் அதற்குள் கடந்துபோய்விட்டது.

இப்போது பள்ளியில் அவன் அம்மாவுக்குக் கிடைத்திருக்கிற ஆலோசனை, "கைவேல நல்லா வரும்மா, பத்தாவது முடிஞ்சதும் லேத்துல விட்ருங்க" என்பது. சொன்னவர் கெட்டவர் இல்லை. அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். லேத் வேலையையும் நான் தாழ்த்திப் பேசவில்லை. பட்டறையில் 'நூல்' என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அந்த நூலும் நன்னூலைப் போலக் கண்டிப்பானது. நான் கேட்பது, இதே விடைத்தாளை மதுரை நகருக்குள் ஒரு மருத்துவர் வீட்டுப் பையன் எழுதியிருந்தால் யாராவது லேத்தை ஞாபகப்படுத்துவார்களா என்பதுதான். அவனுக்கு 'டிஸ்லெக்சியா' என்ற சொல் கிடைக்கும். தனிப்பயிற்சி ஆசிரியர் கிடைப்பார். கப்பலூர்ப் பையனுக்குக் கிடைப்பது 'மக்கு'. அதுவும் போதாதென்றால் குரலைத் தாழ்த்தி, "அவுக வீட்ல படிப்பு ஏறாது." இந்த 'அவுக வீடு' என்பதற்கு என்ன பொருள் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் உரை எழுதவேண்டியதில்லை.

3

டிஸ்லெக்சியா என்ற சொல்லைக் கட்டியவர் ரூடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண்மருத்துவர். அவருடைய நூல் வெளிவந்தது 1887. அது மூளையில் அடிபட்டு வாசிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றியது. பிறவியிலேயே எழுத்துக் கூடாத குழந்தையைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளில் ஒன்று 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. எழுதியவர் பிரிங்கிள் மார்கன். பையன் பெயர் பெர்சி, வயது 14, கணக்கில் கெட்டிக்காரன், தன் பெயரையே தப்பாக எழுதுகிறவன். அந்தக் குறிப்பில் அவனுடைய ஆசிரியரின் கருத்து ஒன்று பதிவாகியிருக்கிறது. பாடம் முழுக்க வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்பது. 130 வருஷத்துக்கு முந்திய ஆங்கிலேய வாத்தியார் சொன்னதையே கப்பலூரில் ஒரு கூலிக்காரத் தாய் தன் மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மருத்துவம் இருவருக்கும் பிந்தித்தான் வந்தது.

வந்த மருத்துவமும் யாருக்கு வந்தது? இங்கிலாந்திலேயே வெகுகாலம் இதை மத்தியதர வர்க்கத்துப் பெற்றோர் தங்கள் பிள்ளையின் தோல்விக்குச் சூட்டிக்கொள்ளும் அழகான பெயர் என்று கேலிசெய்தார்கள். கேலி தவறு. ஆனால் அந்தப் பெயரைச் சம்பாதிக்கிற வசதி யாருக்கு இருந்தது என்ற உண்மை அந்தக் கேலிக்குள் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பித்துவிட்டது. சட்டம் அசையவில்லை. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இந்தப் பிள்ளைகள் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டைச் சேர்த்தது. 2018 ஜனவரியில் வந்த விதிமுறைப்படி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர் முதற்கட்டச் சோதனை செய்யவேண்டும். நம் பையனுக்கு அந்த வருஷத்தில் என்ன நடந்தது என்று மேலே சொன்னேன்.

சோதிப்பது எந்த மொழியில் என்ற கேள்வியும் இருக்கிறது. தேசிய மூளை ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட 'டாலி' என்ற கருவி இந்திய மொழிகளில் டிஸ்லெக்சியாவைக் கண்டுபிடிப்பதற்கென்றே உருவானது. முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில். தமிழ் அந்த நாலில் இல்லை. செம்மொழி விழாக்களுக்கும் மாநாடுகளுக்கும் நாம் குறை வைத்ததில்லை. ஒரு குழந்தை தமிழை எப்படி வாசிக்கிறது, எங்கே தடுக்குகிறது என்ற ஆராய்ச்சி எந்தத் தமிழ்த்துறையின் தலைப்புப் பட்டியலிலும் என் கண்ணில் பட்டதில்லை.

பூக்கோவை இழுக்காமல் உங்களால் நாலு பத்தி எழுத முடியாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பரீட்சை என்பது கண்காணிப்பையும் இயல்பு–பிறழ்வு தீர்ப்பையும் ஒரே சடங்கில் முடிச்சுப்போடும் தந்திரம் என்று 1975இலேயே அவர் காட்டினார். அவரை வாசித்துவிட்டு நம்மவர்கள் சிலர் எல்லா முத்திரைகளும் அதிகாரத்தின் சொல்லாடல், ஆகவே டிஸ்லெக்சியாவும் ஒரு கட்டமைப்புத்தான் என்று தாண்டிப்போகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. கப்பலூர்ப் பையனுக்கு ஏற்கெனவே ஒரு முத்திரை குத்தியாகிவிட்டது. அதைவிடக் குறைவாகக் காயப்படுத்துகிற, சட்டத்தில் ஒரு பிரிவையாவது கையில் கொடுக்கிற முத்திரை வேண்டாம் என்று சொல்ல, முத்திரை விழாத நமக்கு யோக்கியதை கிடையாது.

4

பொதுத்தேர்வில் இத்தகைய மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு மணி நேரம், மொழித்தாளில் விலக்கு, 'சொல்வதை எழுதுபவர்' ஆகியவை தரப்படுகின்றன. அரசு ஆவணங்களில் இவற்றுக்குப் பெயர் சலுகை. சலுகை என்ற சொல் நம்மைக் கொஞ்சம் நிறுத்தவேண்டும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாட்டுக் கட்டிச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். எழுத்தாணி அவர் வேகத்துக்கு ஓடமுடியாமல் திணறியதை உ.வே.சா. பதிவுசெய்திருக்கிறார். தலபுராணங்கள் அவ்வாறு வந்தவை. சொல்வதை எழுதுபவர்! அதை யாரும் சலுகை என்று சொல்லவில்லை. அதற்குப் பெயர் குருகுலம். அந்தகக்கவி வீரராகவர் பிறவியிலேயே பார்வையற்றவர். முதுகில் விரலால் எழுதிக்காட்டி அவருக்கு எழுத்துக் கற்பித்தார்கள் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. கதையா நிஜமா என்பது இருக்கட்டும். எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் மணலிலும் தோலிலும் தடவிக் கற்கவைப்பது இன்று சிறப்பாசிரியர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு செய்கிற காரியம். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னார்கள், வாயால் உரக்கச் சொல்லவும் வைத்தார்கள். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்தார். ஒரே நேரத்தில் நூறு செடியில் மேய்ந்த ஆடு அவர். நன்னூலே சொல்லுகிற பாடமுறையும் காதால் குடித்து மனசில் தேக்கி வைப்பதுதான். தடுமாறுகிறவனை வெளியே அனுப்பிய அதே நூல் காதுக்குத்தான் முதலிடம் கொடுக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பழம்பெருமைத் தொனி ஏறிவிடும், அதை உடனே இறக்கிவைக்க வேண்டும். திண்ணை எல்லாருக்கும் திறந்து கிடக்கவில்லை. தலித் பிள்ளை அந்தத் திண்ணைக்குக் கீழே நின்றுகூடக் கேட்டிருக்க முடியாது. பிரம்பும் உண்டு, கோதண்டமும் உண்டு. பெண்பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. எல்லோரையும் உள்ளே விட்ட நவீனப் பள்ளி, அறிவை வெளிக்காட்டும் வழிகளை ஒன்றே ஒன்றாகக் குறுக்கிவிட்டது. மூன்று மணி நேரம், வெள்ளைத்தாள், நீல மை. கதவை அகலத் திறந்துவிட்டு உள்ளே நிலைவாசலைக் குறுக்கிக் கட்டிய இந்த வேலையைப் பற்றி நம் கல்விச் சிந்தனையாளர்கள் போதுமான அளவு பேசவில்லை.

5

நிலைவாசலில் முட்டிக்கொண்டவர்களில் ஒருவரை மட்டும் நாம் கொண்டாடுகிறோம். ராமானுஜன் பிறந்தது 1887. (டிஸ்லெக்சியா என்ற சொல்லின் வயதுதான். இதை வைத்து யாரும் அவருக்கு நோய்க்குறி எழுதவேண்டாம். செத்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்குவது மோசமான பொழுதுபோக்கு.) 1904இல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணிதத்துக்குப் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கிலக் கட்டுரையில் தவறி, உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1906இல் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தோல்வி. உடலியல் பாடம் காலை வாரியது. கணக்கில் அன்னம், மற்றதில் இல்லிக்குடம். அவருடைய மரணத்துக்குப் பிறகு ஹார்டி, அவர் 32 வயதில் செத்ததைவிட, வளைந்துகொடுக்காத ஒரு கல்விமுறை அவருடைய ஐந்து வருஷங்களை வீணாக்கியதுதான் பெரிய துயரம் என்கிற பொருளில் சொன்னார். இந்தியாவில் ஹார்டி சொன்ன மற்றதெல்லாம் மேற்கோளாகிறது. நாமகிரித் தாயாரும் மேற்கோளாகிறாள். இது ஆவதில்லை.

அவரைக் காப்பாற்றியது எது? மேதைமை என்பார்கள். மேதைமை கூடவே இருந்துதான் அவர் ஐந்து வருஷம் பட்டினி கிடந்தார். காப்பாற்றியது ஒரு சங்கிலி. ராமசாமி ஐயர் சேஷு ஐயருக்குச் சொல்லி, அவர் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்குச் சொல்லி, துறைமுகத்தில் நாராயண ஐயர் தாங்கிப்பிடித்து, 1912இல் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை, 1913இல் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை. நோட்டுப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பிராமண இளைஞன் எந்த வீட்டுத் திண்ணையிலும் ஏறி உட்கார்ந்து பேசமுடிந்த காலம் அது. அவருடைய வறுமை நிஜமானது. அந்தச் சங்கிலியும் நிஜமானது. கப்பலூர்ப் பையனுக்கு எந்த ஐயரிடம் போகவேண்டும் என்று தெரியாது.

2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நல்ல படம்தான். அமீர்கான் நாடுமுழுக்க ஒரு சொல்லை வீட்டுச் சொல்லாக்கினார். எத்தனையோ பெற்றோர் தியேட்டரில் தங்கள் பிள்ளையை முதன்முதலாகப் பார்த்தார்கள். ஆனால் படத்தின் முடிவைக் கவனியுங்கள். இஷான் ஓவியப்போட்டியில் ஜெயிக்கிறான். அவன் படம் பள்ளி ஆண்டுமலரின் அட்டைக்குப் போகிறது. அப்பா அழுகிறார். நடுவே ஐன்ஸ்டைன், டாவின்சி, எடிசன் என்று ஒரு பட்டியல் வேறு. எழுத்துக் கூடாத பிள்ளை மேதையாக இருந்தால் மன்னிக்கப்படும் என்பதுதான் இந்தக் கதையாடலின் உள்ளே ஓடுகிற நிபந்தனை. ராமானுஜன் கதையும் இதேதான். திறமை ஒரு பிணையத்தொகை. கட்டினால் விடுதலை. அதைக் கட்ட முடியாத, ஒரு படமும் வரையத் தெரியாத, எழுத்தும் கூடாத குழந்தையை அந்தப் படம் எங்கே உட்காரவைக்கும்?

இதன் மறுபக்கமும் இருக்கிறது. எந்தத் திறமை அட்டைப்படத்துக்குத் தகுதியானது என்பதையும் இந்தக் கதையாடலே தீர்மானிக்கிறது. ஓவியம் தகுதி. கணக்கு தகுதி. நாரதர் தர்க்கத்தின் பாடபேதத்தைப் பிரித்துச் சொல்வது தகுதியில்லை, ஏனென்றால் ஸ்பெஷல் நாடகமே நம் பண்பாட்டின் கடைசிபெஞ்சில் கிடக்கிறது. திறமையுள்ள பிள்ளையைக் கண்டுகொள்வதில்லை என்று புலம்புகிறோம். அந்தப் பிள்ளை எதில் திறமைசாலியோ அதையே நாம் அறிவாகக் கணக்கில் எடுக்காதபோது எப்படிக் கண்டுகொள்வது?

6

தமிழ் எழுதியபடியே வாசிக்கிற மொழி, ஆங்கிலம்போல இம்சை கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பாதி உண்மை. எழுத்துக் கூடாத பிள்ளையின் கண்ணால் நம் எழுத்தைப் பார்த்தேன். கெ, கே, கை மூன்றிலும் உயிர்க்குறி இடப்பக்கம் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கண் முதலில் பார்ப்பதை வாய் கடைசியில் சொல்லவேண்டும். 'கொ' இன்னும் விசேஷம். உயிர் இரண்டாகப் பிளந்து மெய்யின் இரண்டு பக்கமும் நிற்கிறது. பையன் இடப்பக்கத்தைப் போட்டுவிட்டு வலப்பக்கத்துக் காலை மறந்தால் கொடி 'கெடி' ஆகாமல் வேறென்ன ஆகும்? அந்தக் காலும் ரகரமும் கிட்டத்தட்ட ஒரே உருவம். ஔகாரத்தின் வால் ளகரம் மாதிரி. க என்ற ஒரே எழுத்து கடல், அகம், தங்கம் மூன்றிலும் மூன்று ஒலி. ந–ன–ண, ல–ள–ழ, ர–ற மயக்கம் இருக்கவே இருக்கிறது. மதுரைப் பக்கம் வாயில் 'பளம்'தான், ஏட்டில் மட்டும் 'பழம்'. வீட்டில் 'வந்துட்டான்', தாளில் 'வந்துவிட்டான்'. காதால் கற்கிற பிள்ளைக்குக் காது சொல்வதும் தாள் கேட்பதும் ஒவ்வொரு வரியிலும் மோதுகின்றன. காதை நம்பினால் சிவப்பு மை.

எழுத்தைப் புனிதமாகப் பார்க்காதவர் ஒருவர் நமக்கு இருந்தார். 1935இல் குடி அரசில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையிலெடுத்தபோது அவர் கவனித்தவை இரண்டு: அச்சுக் கோக்கிறவனின் கையும், புதிதாகப் படிக்கிறவனின் கண்ணும். எழுத்து ஒரு கருவி, கருவி ஆளுக்காக. 1978இல் அரசு ஏற்று 13 எழுத்துகளை மாற்றியது. ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கையை உதறியது அப்போதுதான். அதற்கப்புறம் கற்கிறவனின் கண்ணை வைத்து இந்த எழுத்தைப் பார்க்கிற வேலை நின்றுபோயிற்று. மேலும் எழுத்தை மாற்று என்று நான் சொல்லவரவில்லை. எந்த வரிசையில் கற்பிப்பது, எந்த மயக்கத்துக்கு எத்தனை நாள் ஒதுக்குவது, 'கொ'வை எப்போது அறிமுகப்படுத்துவது என்பதையாவது இந்தப் பிள்ளைகளை வைத்து யோசிக்கலாம்.

நம் சிறுபத்திரிகை வட்டாரத்தையும் சும்மா விடமுடியாது. கி. ராஜநாராயணன் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர். வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டார், புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது, 1991இல் சாகித்ய அகாதமி வந்தது. நியாயமான மரியாதை. பேச்சுமொழியை இலக்கியமாக்கிய பெருமையை நாமெல்லாம் பங்குபோட்டுக்கொண்டோம். ஆனால் கதாசிரியர் எழுதினால் வட்டார வழக்கு, ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுதினால் பிழை. வாசகர் கடிதத்தில் ஒற்று விட்டுப்போனால் அந்த ஆளின் கருத்தையே ஒதுக்கிவைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சந்திப்பிழை நம்மிடையே பூணூல் மாதிரி வேலைசெய்கிறது.

அதற்காகப் பிழையே கிடையாது, எல்லாம் சரி, வாய்மொழி மரபே போதும் என்று குலவையிடுகிற கூட்டத்தில் நான் சேரமாட்டேன். அந்த ரொமான்டிசம் பையனை லேத்துக்கு அனுப்புகிற அதே ஆலோசனையின் அலங்கார வடிவம். மருந்துச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், போலீஸ் நிலையத்தில் கையெழுத்துக் கேட்கிற காகிதம் இவற்றை அவன் தானே வாசிக்க முடியவேண்டும். வாசிக்கக் கற்பிக்க வேண்டும், தினமும், ஒரே ஒழுங்கில், மாதக்கணக்காக. அவன் வாசிக்கிற நாள் வரைக்கும் அவனுடைய அறிவைப் பிணையாகப் பிடித்துவைக்கக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் பள்ளிக்கு எப்போதும் முடியாமல்போகிறது.

7

பள்ளி செய்யக்கூடியவை பெரிய விஷயங்கள் இல்லை. வினாத்தாளை ஒருவர் உரக்க வாசித்துக்காட்டலாம். வரலாற்றுத் தாளில் வரலாற்றுக்கு மட்டும் மதிப்பெண் போட்டு எழுத்துப்பிழைக்குக் குறைக்காமல் இருக்கலாம். பாடத்தை யாராவது வாசித்து அம்மாவின் செல்போனில் பதிவுபண்ணிக் கொடுக்கலாம். வகுப்பின் முன்னால் எழுந்து நின்று வாசி என்று சொல்லாமல் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பைசா செலவில்லை. இதைவிட முக்கியமானது ஒன்று. எழுத்துப் பயிற்சி என்ற பெயரில் இரண்டாம் வகுப்பு வாக்கியங்களையே அவன்முன் வைக்கிறார்கள். பாடபேதம் பிரிக்கிற மூளைக்கு 'ஆடு இலை தின்னும்'. கோபம் வராமல் என்ன செய்யும்? எழுத்துக்குத் தனியாக அரைமணி நேரம் போதும். மீதி நேரத்தில் அவனுக்குக் கஷ்டமான வேலை கொடுக்கவேண்டும். இரண்டு நாரதர்களையும் ஒப்பிட்டு ஒரு பாடவேளை பேசச் சொல்லலாம்.

சட்டம் இதற்கெல்லாம் தடையில்லை. 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து தக்க கற்பித்தல் ஏற்பாடு செய்யவேண்டிய கடமையைக் கல்வி நிறுவனங்கள்மேல் வைக்கிறது. 40 விழுக்காடு என்ற அளவுகோலைக் கட்டிக்கொண்டு அழுத தேர்வு நிர்வாகங்களுக்கு 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ளவருக்கு 40 விழுக்காட்டுச் சான்று இல்லை என்பதால் எழுத்தரை மறுக்கமுடியாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட, எழுத்துக் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மறுதேர்வுக்கு மட்டும் உத்தரவிடவில்லை. தீர்ப்பு அவள் பக்கம், பரீட்சை முடிந்துபோயிற்று.

ஊருக்குள் வரும்போது சட்டம் சான்றிதழாக மாறிவிடுகிறது. சான்றிதழுக்கு ஒரு நாள் கூலி போகும், ஒரே நாளில் முடிவதும் இல்லை. அந்த அம்மாவிடம் பேசினேன். போகச் சம்மதித்திருக்கிறார். "பைத்தியம்னு எழுதிருவாகளாண்ணே?" என்று மட்டும் ரெண்டு தரம் கேட்டார்.

சான்றிதழ் வந்தால் மொழித்தாளில் விலக்குக் கேட்கலாம். இந்த விலக்குத்தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நான் பார்த்த பிள்ளைகளில் தமிழில் இவ்வளவு காது உள்ளவன் வேறு யாரும் இல்லை. அவனுக்கு நாம் தரக்கூடிய பெரிய உதவி அவனைத் தமிழிலிருந்து விலக்குவது என்றால், சிக்கல் அவனிடம் இல்லை, தாளில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100க்கு 25 செய்முறைக்கு. அமிலத்தையும் காரத்தையும் கையால் செய்துகாட்டினால் மதிப்பெண். தமிழுக்கு 100ம் எழுத்துத் தேர்வு. சொல்லிக்காட்டுவதற்கு, கேட்டுப் பதில் சொல்வதற்கு, ஒரு பாட்டை வாய்விட்டுப் பிரித்துப் பொருள்சொல்வதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. இயலும் இசையும் நாடகமும் சேர்ந்து முத்தமிழ் என்று அதே தாளில் ஒரு மதிப்பெண் வினா கேட்பார்கள்.

தமிழிலும் அந்த 25ஐ வாய்மொழிக்கு ஒதுக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. சான்றிதழ் உள்ளவனுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். தேர்வாளர் யார், முறைகேடு நடக்காதா என்று கேட்பார்கள். செய்முறைத் தேர்வில் நடக்காத முறைகேடா? ஆள் கிடைக்கவில்லையென்றால் மதுரையில் நாடக வாத்தியார்கள் இருக்கிறார்கள். திருவிழாக் காலம் போக மற்ற மாதங்களில் பலருக்கு வேலையும் இல்லை.